அப்பாவின் ஜீன் ரிப்போர்ட்டில் ‘எதுவும் இல்லை’ என்று வந்தால் எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: என் அப்பாவுக்கு 69 வயது. சென்ற ஆண்டு முதுகுவலி என்று காட்டப் போனபோது, புராஸ்டேட் புற்றுநோய் எலும்பு வரை பரவியிருப்பது தெரிந்தது. அப்போது ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) 140. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசியும், தினமும் அபிரேட்டரோன் மாத்திரையும் போகின்றன. இப்போது பி.எஸ்.ஏ. 0.4. டாக்டர் சொன்னதால் ரத்தத்தில் ஜீன் பரிசோதனை செய்தோம். ‘நோய்க்குக் காரணமான மாற்றம் எதுவும் காணப்படவில்லை’ என்று வந்தது. நிம்மதியாக இருந்தோம். பிறகு படித்துப் பார்த்தால், இந்த நோயில் முக்கியமான மாற்றங்கள் பல ஜீனுக்கு வெளியே, புரதம் எழுதாத டி.என்.ஏ.வில் இருக்கின்றன, சாதாரணப் பரிசோதனைகள் அந்தப் பக்கமே போவதில்லை என்கிறார்கள். அப்படியானால் செய்த பரிசோதனை வீணா? முழு ஜீனோமையும், அதாவது மொத்த டி.என்.ஏ.வையும், படிக்கக் கொடுக்கலாமா? எச்சிலில் பார்க்கும் பரிசோதனை ஒன்று இருப்பதாக நண்பர் சொல்கிறார், அது தேவையா? எனக்கு 43 வயது, தம்பிக்கு 38, தங்கைக்கு 35. எங்களுக்கு என்ன ஆபத்து? வீட்டில் வேறு யாருக்கும் இந்த நோய் இல்லை. அம்மாவின் தங்கை மட்டும் 47 வயதில் ஓவரியில் கேன்சர் வந்து இறந்துபோனார், அது வேறு நோய்.
– வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் படித்தது சரி. புராஸ்டேட் புற்றுநோயில் பெரிய விஷயங்கள் பல, புரதம் எழுதாத டி.என்.ஏ.வில்தான் நடக்கின்றன. ஆனால் அதை வைத்து நீங்கள் எடுக்கப் பார்க்கும் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. அப்பாவுக்குச் செய்த பரிசோதனை வீணாகவில்லை. முழு ஜீனோமுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். எச்சில் பரிசோதனைக்கும் அவசரம் எதுவும் இல்லை. அதே சமயம் உங்கள் வீட்டில் இரண்டு பரிசோதனைகள் பாக்கி இருக்கின்றன. இரண்டையும் நீங்கள் கேட்கவில்லை. காரணத்தோடு சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அப்பாவின் ரிப்போர்ட்டில் ஜீன்களின் பட்டியல் இருக்கும் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2, ஏடிஎம், செக்-2, பால்பி-2, ஹாக்ஸ்-பி13, எம்எஸ்ஹெச்-2 என்று போகும். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், இந்தப் பரிசோதனை எவற்றைப் பார்க்காது என்று ஒரு பத்தி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை, படிக்க வேண்டிய பத்தி அது. ஜீன்களில் புரதத்தை எழுதும் துண்டுகளையும், அவற்றை ஒட்டிய சில எழுத்துகளையும் மட்டுமே படித்தோம் என்பதுதான் அதன் சாரம்.

மனித டி.என்.ஏ. சுமார் 300 கோடி எழுத்து நீளம். புரதங்களுக்கான செய்முறை எழுதியிருப்பது அதில் 2 சதவீதத்துக்கும் குறைவான பகுதியில். அங்கே இருக்கும் ஏறத்தாழ 20,000 ஜீன்களில், அப்பாவுக்குப் பார்த்தது சில பத்து ஜீன்களைத்தான். அவ்வளவு சின்ன இடத்தைப் பார்ப்பதில் என்ன பயன் என்று தோன்றலாம். 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோய் பரவிய 692 ஆண்களிடம் டி.என்.ஏ. பழுதுபார்க்கும் ஜீன்களைப் பரிசோதித்தார்கள். 11.8 சதவீதத்தினருக்குப் பிறவியிலேயே அவற்றில் ஒன்று கெட்டிருந்தது. பிஆர்சிஏ-2 மட்டுமே 5.3 சதவீதம். குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இல்லாதவர்களிடமும் இருந்தது. அந்த ஜீன் கெட்டிருந்தால் அப்பாவின் சிகிச்சை மாறக்கூடும், உங்கள் மூவருக்கும் உடனே பரிசோதனை தேவைப்படும். பரவிய நோய் உள்ள எல்லோருக்கும் இந்தப் பரிசோதனையைச் சொல்வது இதற்காகத்தான். அப்பாவுக்கு அது இல்லை என்று தெரிந்துகொண்டதற்குக் கொடுத்த காசு தகும்.

சரி, மற்ற 88 சதவீதம் பேருக்கு ரத்த வழியில் எதுவுமே வரவில்லையா? வந்திருக்கிறது. வட ஐரோப்பிய நாடுகளின் இரட்டையர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2016-ல் வந்தது. இந்த நோய் வரும் வாய்ப்பில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 57 சதவீதம் மரபு வழிப்பட்டது என்று அது கணக்கிட்டது. புற்றுநோய்களில் மிக அதிகமான அளவுகளில் இதுவும் ஒன்று. அரிதாகக் கெட்டுப்போகும் சில ஜீன்களை வைத்து இவ்வளவையும் விளக்க முடியாது. மீதியில் பெரும்பகுதி இருப்பது நீங்கள் படித்த அந்த இடத்தில்தான்.

உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் அதே ஜீன்கள்தான். கண்ணில் இருக்கும் செல்லும் புராஸ்டேட்டில் இருக்கும் செல்லும் வேறு வேறாக இருப்பதற்குக் காரணம், எந்த ஜீன் எங்கே, எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்ற கட்டளை. அந்தக் கட்டளைகள் புரதம் எழுதாத பகுதியில் சிதறிக் கிடக்கின்றன. வீட்டில் போர் மோட்டார் கொல்லையில் இருக்கும், சுவிட்ச் சமையலறைக் கதவோரம் இருக்கும். ஜீனை இயக்கும் சுவிட்சும் அப்படித்தான். ஜீனை ஒட்டியே இருக்கலாம், அதை ப்ரோமோட்டர் என்போம். பல லட்சம் எழுத்து தள்ளியும் இருக்கலாம், அது என்ஹான்சர். டி.என்.ஏ. இழை மடிந்து வளைந்து அந்த என்ஹான்சரை ஜீனின் பக்கத்தில் கொண்டுவந்து சேர்க்கும். அப்பாவின் ரிப்போர்ட் மோட்டாரைப் பிரித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. சுவிட்ச் பக்கம் அது போகவில்லை.

இந்த சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சான்று உங்கள் கையிலேயே இருக்கிறது. 140-லிருந்து 0.4-க்கு இறங்கிய பி.எஸ்.ஏ. அது. பி.எஸ்.ஏ. என்பது 19-ஆம் குரோமோசோமில் உள்ள கேஎல்கே-3 என்ற ஜீன் செய்யும் புரதம். அந்த ஜீனின் ப்ரோமோட்டரிலும், அதற்குச் சுமார் 4,000 எழுத்து முன்னால் இருக்கும் ஓர் என்ஹான்சரிலும், ஆண் ஹார்மோன் ஏற்பி (அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) வந்து உட்காரும் இடங்கள் இருக்கின்றன. டெஸ்டோஸ்டிரோன் புராஸ்டேட் செல்லுக்குள் போய், இன்னும் வீரியமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாறி, ஏற்பியோடு சேர்கிறது. சேர்ந்ததும் ஏற்பி செல்லின் கருவுக்குள் போகிறது. உள்ளே டி.என்.ஏ. இறுகச் சுற்றிக் கிடக்கும். ஃபாக்ஸ்-ஏ1 என்ற புரதம் முன்னதாகப் போய் வேண்டிய இடங்களில் சுற்றைத் தளர்த்தி வைத்திருக்கும், ஹாக்ஸ்-பி13 துணைக்கு நிற்கும். ஏற்பி தன் இடத்தில் உட்கார்ந்தவுடன் கேஎல்கே-3 ஓடத் தொடங்கும், பி.எஸ்.ஏ. சுரக்கும். பி.எஸ்.ஏ. மட்டுமல்ல, செல் வளர்வதற்கான பல ஜீன்களும் இதே ஏற்பியின் கையில்தான்.

மூன்று மாத ஊசி விரையிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோனை நிறுத்துகிறது. அபிரேட்டரோன் அட்ரினல் சுரப்பியிலும் கட்டிக்குள்ளேயும் ஹார்மோன் உண்டாவதைத் தடுக்கிறது. ஹார்மோன் கிடைக்காத ஏற்பி சும்மா கிடக்கிறது. ஆக, பி.எஸ்.ஏ. இறங்கியதில் புற்றுநோய் செல்கள் செத்ததும் உண்டு, செத்துப்போகாமல் மிஞ்சிய செல்களில் சுவிட்ச் அணைந்ததும் உண்டு. 0.4 நல்ல செய்தி. ஆனாலும் எண் இறங்கிவிட்டதே என்று ஊசித் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். கூடத் தரும் ப்ரெட்னிசோலோன் மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். அபிரேட்டரோனால் ரத்த அழுத்தம் ஏறாமலும் பொட்டாசியம் இறங்காமலும் பார்த்துக்கொள்வது அதுதான்.

நீங்கள் படித்ததில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிட்டன என்று நினைக்கிறேன். பிறவியிலேயே உடம்பின் எல்லா செல்களிலும் இருக்கும் மாற்றம் ஒரு வகை, அது பிள்ளைகளுக்குப் போகலாம். புராஸ்டேட்டில் ஏதோ ஒரு செல்லில் புதிதாக உண்டாகி, அந்தக் கட்டிக்குள் மட்டும் பெருகிய மாற்றம் இன்னொரு வகை, அது உங்களுக்கு வராது. சுவிட்சுகளில் நடக்கும் மாற்றங்களிலும் இந்த இரண்டு வகையும் உண்டு.

பிறவி வகையை முதலில் பார்க்கலாம். 2006-ல் ஐஸ்லாந்தின் டீகோட் நிறுவனமும் அமெரிக்க ஆய்வாளர்களும், 8-ஆம் குரோமோசோமில் 8க்யூ24 என்ற இடத்தைப் புராஸ்டேட் புற்றுநோயோடு தொடர்புபடுத்தினார்கள். அங்கே இருக்கும் சில எழுத்து வேறுபாடுகளைச் சுமப்பவர்களுக்கு நோய் அதிகம் வருகிறது. ஆனால் அந்த எழுத்துகள் கிடக்கும் பரப்பில் புரதம் செய்யும் ஜீன் கிட்டத்தட்ட கிடையாது. அக்கம்பக்கத்தில் உள்ள பெயர்பெற்ற ஜீன், பல புற்றுநோய்களைத் தூண்டும் மிக், அதுவும் லட்சக்கணக்கான எழுத்து தள்ளி. அந்த வெற்றுப் பரப்பில் கிடப்பவை என்ஹான்சர்கள் என்று பிறகுதான் தெரிய வந்தது. ஆப்பிரிக்க மரபினரிடம் காணப்படும் ஒரே ஓர் எழுத்து மாற்றம், அங்குள்ள ஓர் என்ஹான்சரைத் தட்டிவிட்டு மிக் உட்பட அந்தப் பகுதி ஜீன்களை எப்படி ஓட வைக்கிறது என்பதை 2020-ல் விளக்கியது பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் இருக்கும் டிம்பிள் நோட்டானியின் குழு. நம் பக்கத்து ஊரில் நடந்த வேலை, அதனால் பெயர் சொல்கிறேன்.

இப்படிப்பட்ட இடங்கள் ஒன்று இரண்டல்ல. 2023-ல் வந்த பெரிய ஆய்வு, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளையும் ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட நோயில்லாத ஆண்களையும் ஒப்பிட்டு, மொத்தம் 451 வேறுபாடுகளைப் பட்டியலிட்டது. பெரும்பாலானவை புரதம் எழுதும் பகுதிக்கு வெளியே இருப்பவை. ஒன்றை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். 10-ஆம் குரோமோசோமில் எம்எஸ்எம்பி என்ற ஜீன் இருக்கிறது. விந்து நீரில் ஏராளமாகச் சேரும் ஒரு புரதத்தைப் புராஸ்டேட் அதை வைத்துத்தான் செய்கிறது. ஜீன் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ப்ரோமோட்டரில் ஓர் இடத்தில் சிலருக்கு ‘சி’ எழுத்தும் சிலருக்கு ‘டி’ எழுத்தும் இருக்கும். ‘டி’ இருந்தால் சுவிட்ச் மந்தமாகி, அந்தப் புரதம் குறைவாகச் சுரக்கும். புராஸ்டேட் புற்றுநோய் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட கால் பங்கு கூடும். இந்த ‘டி’ உலகில் கோடிக்கணக்கான ஆண்களிடம் இருக்கிறது. இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. பிஆர்சிஏ-2 கெடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அங்கே ஒரே அடி பெரிது. இங்கே நூற்றுக்கணக்கான சின்னத் தள்ளல்கள் சேர்ந்துதான் கணக்கில் வரும்.

கட்டிக்குள் மட்டும் நடப்பவற்றில் எல்லோரும் அறிந்தது, 2005-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையனின் குழு கண்டுபிடித்தது. 21-ஆம் குரோமோசோமில் டிஎம்பிஆர்எஸ்எஸ்-2 என்ற ஜீன் இருக்கிறது (கொரோனா வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்திக்கொள்ளும் புரதம் இதனுடையதுதான்). ஆண் ஹார்மோன் வந்தால் இது நன்றாக ஓடும். அதிலிருந்து சுமார் 30 லட்சம் எழுத்து தள்ளி ஈஆர்ஜி என்ற ஜீன், புராஸ்டேட்டின் சுரப்பி செல்லில் அது ஓடவே கூடாது. நடுவில் இருக்கும் துண்டு அறுந்து விழுந்தால் முன்னதன் சுவிட்ச் பின்னதோடு ஒட்டிக்கொள்கிறது. அதன் பிறகு ஹார்மோன் வரும்போதெல்லாம் ஈஆர்ஜி ஓடும். மேல்நாட்டு நோயாளிகளின் கட்டிகளில் ஏறத்தாழ பாதியில் இந்த ஒட்டு காணப்படுகிறது, ஆசிய நாடுகளில் அதைவிடக் குறைவு. இதில் ஈஆர்ஜி புரதத்தின் பெரும்பகுதி மாறாமல்தான் இருக்கிறது. இருக்கக் கூடாத இடத்தில் அது இருப்பதுதான் கேடு.

உங்கள் அப்பாவின் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது 2018-ல் வந்தது. அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் சில, ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாமல் போன கட்டிகளின் முழு டி.என்.ஏ.வையும் படித்துப் பார்த்தன. ஆண் ஹார்மோன் ஏற்பியின் ஜீன் இருப்பது எக்ஸ் குரோமோசோமில். அதிலிருந்து சுமார் ஆறரை லட்சம் எழுத்து தள்ளி ஓர் என்ஹான்சர் இருப்பதும், அந்தக் கட்டிகள் அதைத் திரும்பத் திரும்பப் பிரதி எடுத்து வைத்திருப்பதும் அப்போது தெரிந்தது. 101 நோயாளிகளைப் பார்த்த ஓர் ஆய்வில் 81 சதவீதத்தினரிடம் இது இருந்தது. சிகிச்சை தொடங்காத, புராஸ்டேட்டுக்குள்ளேயே அடங்கிய கட்டிகளில் இது அரிது. ஹார்மோன் தராமல் நாம் பட்டினி போட்டபோது, கிடைக்கும் துளி ஹார்மோனைக்கூடப் பிடித்துக்கொள்ளும்படி ஏற்பியின் எண்ணிக்கையைச் செல் கூட்டிக்கொள்கிறது. சில கட்டிகளில், ஏற்பியின் ஜீனைத் தொடாமலே, அதன் சுவிட்சைப் பெருக்கியே அதைச் சாதித்துவிடுகிறது. ஜீனை மட்டும் படிக்கும் பரிசோதனைக்கு இது தெரியவே தெரியாது. இந்த நோயைப் பார்க்கும் விதத்தை மாற்றிய கண்டுபிடிப்பு என்று இதைத்தான் சொல்வேன்.

இவ்வளவு முக்கியமானது என்றால் ஏன் அதைத் தேடிப் பரிசோதிக்க வேண்டாம் என்கிறேன்? தெரிந்தாலும் இன்று டாக்டர் செய்யப்போவது மாறாது. மருந்துக்குக் கட்டுப்படாமல் நோய் எழுந்தால், பி.எஸ்.ஏ. ஏறும், ஸ்கேனில் தெரியும், வலி வரும். அப்போது டோசிடாக்செல் கீமோதெரபி, ஏற்பியைத் தடுக்கும் வேறு மாத்திரை, லுட்டீசியம் என்ற கதிரியக்க மருந்து என்று வழிகள் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை என்ஹான்சரின் பிரதி எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. சுவிட்சுகளையே குறிவைக்கும் மருந்துகளுக்கான முயற்சி நடக்கிறது. 2022-ல் சின்னையன் குழுவினர், பெங்களூருவின் ஆரிஜீன் நிறுவனத்தோடு சேர்ந்து, என்ஹான்சர்களைத் திறந்து வைக்கும் புரதங்களைச் சிதைக்கும் ஒரு மூலக்கூறு எலிகளில் கட்டியின் வளர்ச்சியைத் தடுத்ததைக் காட்டினார்கள். அந்த வழியில் எனக்கு நம்பிக்கை உண்டு. அப்பாவின் மருந்துச் சீட்டில் எழுதும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை.

அப்பாவின் ரத்தத்தில் முழு ஜீனோமைப் படித்தாலும் கட்டியில் நடந்த மாற்றங்கள் அதில் வராது, ரத்தத்தில் இருப்பது அவர் பிறந்தபோது கிடைத்த டி.என்.ஏ. பிறவி மாற்றங்கள் எல்லாம் வரும், அதுவே சிக்கல். எந்த மனிதரை எடுத்துப் படித்தாலும் மாதிரி ஜீனோமிலிருந்து 40 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபடுவார். புரதம் எழுதும் பகுதியில் ஓர் எழுத்து மாறினால், புரதம் பாதியில் அறுந்துவிடுமா என்று படித்தே சொல்லலாம். சுவிட்ச் பகுதியில் ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதை அப்படிப் படித்துச் சொல்ல முடியாது. புராஸ்டேட் செல்லில், ஹார்மோன் இருக்கும்போதும் இல்லாதபோதும், ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். ஆகவே கையில் தடிமனான ரிப்போர்ட் வரும், உங்கள் கேள்விக்குப் பதில் வராது. அந்தப் பணத்தை அப்பாவின் எலும்புக்கான மருந்துக்கும் ஸ்கேனுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்கி இருக்கும் முதல் பரிசோதனை இங்கேதான் வருகிறது. அப்பாவுக்கு பயாப்ஸி எடுத்த சதைத் துண்டுகளை மெழுகுக் கட்டியில் பதித்து பேத்தாலஜி லேபில் வைத்திருப்பார்கள். ‘பிளாக்’ என்று கேட்டால் தெரியும். அதில் பிஆர்சிஏ-2 முதலான ஜீன்களைப் பார்க்கச் சொல்லி உங்கள் ஆன்காலஜிஸ்ட்டிடம் கேளுங்கள். ரத்தத்தில் நன்றாக இருக்கும் ஜீன் கட்டிக்குள் மட்டும் கெட்டிருக்கலாம், அது அரிதல்ல. அப்படி இருந்தால், ஹார்மோன் சிகிச்சை கைகொடுக்காத கட்டத்தில் ஓலாபாரிப் போன்ற மாத்திரைகள் பயன்படும். 2020-லிருந்து இதற்காக நடைமுறையில் இருக்கும் மருந்து அது, கெட்டது பிறவியிலா கட்டியிலா என்று பார்ப்பதில்லை. பிளாக் பழையதாகிவிட்டால் டி.என்.ஏ. சிதைந்து பரிசோதனை தோற்றுப்போகலாம், அதனால் இப்போதே கேட்டு வைப்பது நல்லது. பிளாக்கை வாங்கும்போது ரசீதில் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள், மெழுகு உருகும்.

அடுத்தது எச்சில் பரிசோதனை. நான் சொன்ன சின்னத் தள்ளல்களை எல்லாம் கூட்டி ஒரு மதிப்பெண் போடுவதுதான் அது. ஏமாற்று வேலை இல்லை. பிரிட்டனில் நடந்த பார்கோடு-1 ஆய்வின் முடிவு 2025-ல் வந்தது. 55 முதல் 69 வயது வரை உள்ள, ஐரோப்பிய மரபைச் சேர்ந்த ஆண்களிடம் எச்சிலில் 130 வேறுபாடுகளைப் பார்த்தார்கள். மதிப்பெண் மேல்மட்டத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டு எம்.ஆர்.ஐ.யும் பயாப்ஸியும் செய்ததில், 468 பேரில் 187 பேருக்குப் புற்றுநோய் இருந்தது, அதாவது 40 சதவீதம். அவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு சிகிச்சை தேவைப்படும் தரத்தில் இருந்தது. மதிப்புள்ள ஆய்வு. ஆனால் அந்த 130-ம் பெரும்பாலும் ஐரோப்பியர்களை வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. எந்த எழுத்து எந்த சுவிட்சோடு சேர்ந்து வரும் என்பது மக்களுக்கு மக்கள் மாறும். ஓர் இடத்தில் அடையாளமாக இருக்கும் எழுத்து நம்மிடம் அதே சுவிட்சைக் காட்டாமல் போகலாம். இந்தியாவில் ஜீனோம் இந்தியா திட்டம் சுமார் 10,000 பேரின் ஜீனோமைப் படித்து, 2025 ஜனவரியில் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. அடித்தளம் போட்டாகிவிட்டது, நமக்கான மதிப்பெண் அதன் மேல்தான் எழ வேண்டும். இன்று உங்களுக்கு ஒரு கம்பெனி தரும் எண் குறைவாக வந்து, அதை நம்பி பி.எஸ்.ஏ. பார்க்காமல் விட்டுவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை.

உங்களுக்கு ஆபத்து என்ன என்று கேட்டீர்கள். அப்பாவுக்கு இந்த நோய் இருந்தால் மகனுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அப்பாவின் ரிப்போர்ட் சுத்தமாக வந்ததால் இது மறைந்துவிடாது, காரணத்தை மேலே பார்த்துவிட்டீர்கள். 45 வயதிலிருந்து பி.எஸ்.ஏ. பார்க்கத் தொடங்குங்கள், தம்பியும் அப்படியே. முதல் எண்ணைப் பத்திரமாக எழுதி வையுங்கள், அடுத்த பரிசோதனை எப்போது என்பது அதைப் பொறுத்தது. முடி கொட்டுகிறது என்று உங்களில் யாராவது ஃபினாஸ்டிரைட் மாத்திரை போட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் வீரியமான வடிவத்துக்கு மாறுவதை அது தடுப்பதால் கேஎல்கே-3 மந்தமாகி, பி.எஸ்.ஏ. பாதியாகக் காட்டும். உண்மையில் 4 இருப்பவருக்கு 2 என்று வரும், யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

இந்த 45 என்ற வயது மாறக்கூடும். அதற்குக் காரணம், கடிதத்தின் கடைசி வரியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய உங்கள் சித்தி.

அது வேறு நோய் என்கிறீர்கள். ஓவரி புற்றுநோய் வந்த பெண்களில் சுமார் 15 சதவீதத்தினருக்குப் பிறவியிலேயே பிஆர்சிஏ-1 அல்லது பிஆர்சிஏ-2 கெட்டிருக்கும். அப்பாவுக்குத் தேடிய அதே ஜீன்கள். அப்பாவின் ரிப்போர்ட் அப்பாவின் பக்கத்தைப் பற்றி மட்டுமே பேசும், அம்மா வழியில் என்ன வந்தது என்பதைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. சித்திக்கு அந்தக் கோளாறு இருந்திருந்தால், அவருடைய அக்காவான உங்கள் அம்மாவுக்கு இருக்க ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு. அம்மாவுக்கு இருந்தால் உங்கள் மூவரில் ஒவ்வொருவருக்கும் மறுபடி ஐம்பதுக்கு ஐம்பது. பெண் வழியாக வந்தாலும் ஆண்களைப் பாதிக்கும். பிஆர்சிஏ-2 கெட்ட ஆணுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வந்தால் இளம் வயதில் வரும், வேகமாகவும் வளரும். அப்படிப்பட்டவர்களுக்கு பி.எஸ்.ஏ.வை 40 வயதிலேயே தொடங்கச் சொல்கிறோம். உங்களுக்கு 43. அந்தக் கோளாறு தங்கைக்கு வந்திருந்தால், 35 வயதிலேயே மார்பகப் பரிசோதனையும், ஓவரியைப் பற்றி ஒரு பேச்சும் தேவைப்படும்.

ஜீனுக்கு வெளியே இருக்கும் மாற்றங்களைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் வீட்டில் இன்று விடை கிடைக்கக்கூடிய கேள்வி ஜீனுக்கு உள்ளேயே இருக்கிறது, அதுவும் அம்மா வழியில். பாக்கி இருக்கும் இரண்டாவது பரிசோதனை அம்மாவுக்கானது. அப்பாவுக்குச் செய்த அதே ரத்தப் பரிசோதனை போதும். அம்மாவுக்கு எதுவும் இல்லை என்று வந்தால், சித்திக்கு இந்த ஜீன்களில் என்ன கோளாறு இருந்திருந்தாலும் அது உங்கள் மூவருக்கும் வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு, நீங்கள் யாரும் இதற்காக ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை. இருக்கிறது என்று வந்தால் அம்மாவுக்கே முதலில் பயன். ஓவரியையும் கருக்குழாயையும் எடுத்துவிடுவது பற்றி அவர் டாக்டரோடு பேச முடியும்.

அதற்கு முன் சித்தியின் பழைய பேப்பர்களைத் தேடுங்கள். நம் வீடுகளில் கர்ப்பப்பைக் கட்டி, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், ஓவரி எல்லாவற்றையும் ஒரே பேரில் சொல்லிவிடுவார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘ஹை கிரேடு சீரஸ்’ (ஓவரி புற்றுநோயில் ஒரு வகை) என்று இருந்தால் நான் சொன்னதற்கு வலு கூடும். டிஸ்சார்ஜ் சம்மரி கிடைத்தாலும் போதும். பேப்பர் சித்தி வீட்டில் இருந்தால், கேட்கும்போது விஷயத்தையும் சொல்லிவிடுங்கள். சித்தியின் பிள்ளைகள்தான் உங்களைவிட முன்னால் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவர்கள், அவர்களுக்கு இதை இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பாவின் அடுத்த ஊசித் தேதியன்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், ஜெனெடிக் கவுன்சலரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.